காரைக்குடியில் இருந்தபடியே எழுதிப் பிழைக்க முடியுமா?

தேவகோட்டையைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகப் பணிபுரிகிறார். பண்பாடு, பயணம், அறிவியல் ஆகிய மூன்றையும் எழுதும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக, அதாவது எந்த இதழிலும் ஊழியராகச் சேராமல் எழுதிக் கொடுப்பவராக, வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமா, சென்னைக்குக் குடிபெயர வேண்டுமா, தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா, இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

காரைக்குடியில் இருந்துகொண்டு நெடுங்காலமாக இதே தொழிலைச் செய்துவருகிறவன் என்ற முறையில் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதையும் கைவிட வேண்டியதில்லை. ஊரையும் விட வேண்டியதில்லை. பள்ளி வேலையையும் இப்போதைக்கு விட வேண்டாம். ஒரு வட்டாரத்தை மற்றவர்களைவிட ஆழமாகத் தெரிந்துவைத்திருப்பதும், எழுதுகிற ஒவ்வொரு செய்தியையும் சரிபார்க்கும் பழக்கமுமே இந்தத் தொழிலின் முதலீடு. உங்களுக்கு வட்டாரம் கையருகே இருக்கிறது. வேதியியல் படித்ததால் சரிபார்க்கும் பயிற்சியும் ஓரளவு வந்திருக்கும்.

பண்பாடு, பயணம், அறிவியல் என்று பிரித்துவைத்தது பத்திரிகை அலுவலகத்தின் வசதிக்காக. பக்கத்துக்கு ஒரு பொறுப்பாசிரியர் இருக்கும்போது இந்தக் கட்டுரை யாருடையது என்ற கேள்வி அங்கே எழத்தான் செய்யும். எழுதப் போகிற இடத்தில் அந்தப் பிரிவினை இருப்பதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரை டைல்ஸைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வடிவ அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன்மேல் உலர்ந்த மணல் சிமெண்டுத் தூளைத் தூவி, ஈரக் கலவையை நிரப்பி அழுத்தி, காயவைத்து, நீர்த்தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடியும் உலர்த்துகிறார்கள். எங்கே போய்ப் பார்க்கலாம், எந்தப் பேருந்து என்று எழுதினால் அது பயணக் கட்டுரை. ஐரோப்பியத் தரை ஓடுகளைக் கண்டு பழகிய வணிகர்களின் ரசனை இந்தப் பூக்களில் எப்படிப் படிந்தது என்று எழுதினால் பண்பாட்டுக் கட்டுரை. சூளையே இல்லாமல் இது எப்படிக் கல்லாகிறது, ஏன் நீரில் ஊற வேண்டும், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு எப்படி ஏறுகிறது என்று எழுதினால், சிமெண்டு நீரோடு வினைபுரிந்து இறுகும் வேதியியலை விளக்கும் அறிவியல் கட்டுரை. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை நாள் முழுதும் அதில் கைவைத்து வேலை செய்கிறவரின் தோலை என்ன செய்கிறது என்பது நான்காவது கட்டுரை. அதை இதுவரை ஒழுங்காக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

இதே ஆத்தங்குடி, சரிபார்த்தல் என்றால் என்ன என்பதையும் காட்டும். இந்த டைல்ஸ் ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம் உடையது என்று எழுதும் கட்டுரைகள் உண்டு. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டதே 1824-ல்தான். இந்தியாவில் சிமெண்டு உற்பத்திக்கான தொடக்க முயற்சி சென்னையில் நடந்தது 1904-ல். சிமெண்டைக் கொண்டு செய்யும் ஒரு பொருள் சிமெண்டுக்கு மூத்ததாக இருக்க முடியாது என்பதை உணர ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கை அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் போதும். அந்தப் பழக்கம் இருக்கிறவரைப் பத்திரிகை ஆசிரியர்கள் மறுபடியும் அழைப்பார்கள். நடை அழகாக இருப்பவர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள். தகவலை நம்பி அச்சேற்றக் கூடியவர்கள் குறைவு.

காரைக்குடியைச் சுற்றியுள்ள இந்தச் செட்டிநாட்டைப் பற்றி எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர், நண்டு மசாலா என்று போகும் ஒரே கட்டுரை பல ஆண்டுகளாகப் பெயர் மாற்றி வந்துகொண்டிருக்கிறது. எந்த ஆசிரியரின் மேசையிலும் அது ஏற்கனவே இருக்கும். வெளியூரிலிருந்து இரண்டு நாள் வந்து கானாடுகாத்தானில் தங்கிச் செல்கிறவர் அதைத்தான் எழுத முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர் அதையே எழுதினால் யாருக்கும் பயனில்லை. சில பிழைகளும் அந்தக் கட்டுரையோடு சேர்ந்தே பயணம் செய்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உத்தேசப் பட்டியலில் இடம்பெறுவது வேறு, உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தக் கட்டுரைக்குள் நுழையாமல் வெளியே நிற்கும் செய்திகளில்தான் உங்கள் வேலை இருக்கிறது. சுவரையே எடுத்துக்கொண்டால், முட்டை வெள்ளைக்கருவோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது என்பதும், கருப்பட்டியிலுள்ள சர்க்கரை சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டுகிறது என்பதும், கடுக்காயின் துவர்ப்புப் பொருளை எதற்காகச் சேர்த்தார்கள் என்பதும், நீங்கள் பத்தாம் வகுப்புக்கு நடத்தும் பாடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செய்திகள். கொத்தனாரிடம் கேட்டு அவர் சொல்லும் கலவை முறையையும், வேதியியல் சொல்லும் காரணத்தையும் ஒரே கட்டுரையில் வைக்கக்கூடியவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சமையல் பக்கமும் அப்படித்தான். கல்பாசியைச் செட்டிநாட்டின் அடையாளமாகச் சொல்கிறோம். அது செட்டிநாட்டில் விளைவதில்லை. மலைப்பகுதி மரங்களிலும் பாறைகளிலும் வளரும் லைக்கன், அதாவது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர். அது வளரும் வேகம் மிகக் குறைவு. காற்றில் கந்தக டை ஆக்சைடு கூடினால் அந்த வகை உயிர்கள் முதலில் பாதிக்கப்படுகின்றன. அன்னாசிப்பூவின் தாயகம் தென்சீனமும் வடவியட்நாமும். அதிலிருந்து எடுக்கப்படும் ஷிகிமிக் அமிலம், ஃப்ளூ காய்ச்சலுக்குத் தரப்படும் ஓசல்டமிவிர் மருந்தின் மூலப்பொருளாகப் பயன்பட்டிருக்கிறது. மழை குறைந்த, கண்மாயையும் ஊருணியையும் நம்பியிருந்த ஒரு நிலப்பகுதியின் சமையலறைக்கு இந்தப் பொருள்கள் எந்த வழியாக வந்து சேர்ந்தன என்று ஒருவர் உட்கார்ந்து எழுதினால், அதில் பயணமும் இருக்கும், அறிவியலும் இருக்கும், யாரும் சமையல் குறிப்பாகவும் நினைக்க மாட்டார்கள்.

பண்பாட்டு எழுத்தில் கசப்பான பக்கமும் உண்டு. வீட்டின் உள்முற்றமான வளவில் நிற்கும் தேக்குத் தூணின் அழகைப் பாடுகிறவர்கள், அந்த வீட்டைக் கட்டிய பணம் வந்த வழியில் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கீழ்ப் பர்மாவில் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வசம் இருந்த விளைநிலம் 1930-ல் ஏறத்தாழ 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, அடமான நிலங்கள் கைமாறி 1938 வாக்கில் அது 25 சதவீதத்தை எட்டியது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கும், 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த கடை ஊழியருக்கும், அதன்பின் நிலம் நாட்டுடைமையானபோது கணக்குப் புத்தகம் மட்டும் மிஞ்சிய குடும்பத்துக்கும் தனித்தனிக் கதை இருக்கிறது. பெருமையாக மட்டும் எழுதுவது விளம்பரத்தில் போய் முடியும், பழியாக மட்டும் எழுதுவது சோம்பேறித்தனத்தில் போய் முடியும். இரண்டு பக்கத்தையும் ஆவணத்தோடு எழுதுகிறவருக்கு நாட்டுக்கு வெளியேயும் வாசகர் உண்டு.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர்கள் வெகுதூரத்தில் இல்லை. கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ.கே. செட்டியார் உலகம் முழுதும் சுற்றி, காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டார். பின்னர் ‘குமரி மலர்’ இதழைப் பல்லாண்டு நடத்தினார். அவருடைய பயண எழுத்தில் கண்ட இடம் முன்னே நிற்கும், அவர் பின்னால் நிற்பார். இன்றைய பயண எழுத்தாளர் பலருக்கு அது தலைகீழாகிவிட்டது. நெற்குப்பையில் 1921-ல் பிறந்த சோமலெ தமிழகத்தின் மாவட்டங்களைத் தனித்தனி நூல்களாக எழுதியவர். ஊர் ஊராகத் தகவல் திரட்டுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அவற்றில் பார்க்கலாம். அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் 1992-ல் மறைந்த பிறகு, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கின்றன. பழைய நாடக அறிவிப்போ கப்பல் கம்பெனி விளம்பரமோ வேண்டுமென்றால் அங்கே போய்க் கேட்கலாம். சென்னைக்கு நீங்கள் போக வேண்டியது இப்படிப்பட்ட காரணங்களுக்காகத்தான். காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூரில் இறங்கலாம்; வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். வாடகை கொடுத்து அங்கே குடியிருந்து, எல்லோரும் எழுதுகிறதையே எழுதுவதில் எனக்கு லாபம் தெரியவில்லை.

ஆவணம் என்றால் நூலகத்தில் மட்டும் இருப்பது என்று எண்ண வேண்டாம். திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு, வெளிநாட்டுக் கடையிலிருந்து வந்த கடிதக் கட்டு, சாமான் பட்டியல் என்று வீடுகளுக்குள் கிடக்கும் தாள்கள் ஏராளம். இதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. என்னைப் போன்ற ஆண்கள் பெரும்பாலும் முகப்போடு நிறுத்தப்படுகிறோம். மிஞ்சிப்போனால் வளவு வரை. ஆச்சிமாரிடம் அமர்ந்து பேசி, வளவுக்கும் உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டு வரை போய்ப் பார்த்து, ஓலைக் கொட்டான் முடைந்த கைகளைப் பற்றியும் நாட்டரசன்கோட்டையிலிருந்து பள்ளத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கணவர் கடல் கடந்து போன ஆண்டுகளில் வீட்டை நிர்வகித்தவர்களைப் பற்றியும் எழுத உங்களால் முடியும். செட்டிநாட்டைப் பற்றிய எழுத்து இதுவரை முகப்பிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது என்பது என் மதிப்பீடு.

அதற்கென்று சில ஒழுங்குகள் உண்டு. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். ஒருவர் சொன்ன அனுமதி மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. படம் எடுப்பதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடமே விசாரித்துவிடுவது நல்லது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் என்ன இருக்கிறது, எந்தப் பக்கக் கதவு பலவீனம், பூசையறையில் எந்தப் படிமம் என்றெல்லாம் எழுதக் கூடாது; வாசகருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை, வேறு சிலருக்கு உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளைப் பற்றி எழுதும்போது, அங்கே வந்த கதவும் தூணும் எந்த வீட்டை இடித்ததால் வந்தன என்ற கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். முன்னோரை வழிபடும் படைப்பு வீட்டுச் சடங்குகளைக் குடும்பத்தார் வெளியே சொல்ல விரும்பவில்லை என்றால் அதை விட்டுவிட வேண்டும். அந்த ஒரு கட்டுரை போனால் போகட்டும்.

அறிவியல் எழுத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தொலைவில் ‘சிக்ரி’ என்று ஊரார் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்தப் பக்கம் வந்த நிறுவனம் அது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அரிமானம், மின்முலாம், மின்கலம் என்று அவர்கள் ஆராய்கிற எல்லாமே அன்றாட வாழ்க்கையைத் தொடுபவை. கடற்காற்றில் பாலத்தின் இரும்புக் கம்பி எப்படி அரிக்கப்படுகிறது, லித்தியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை வைத்து மின்கலம் செய்தால் எடையும் விலையும் எப்படி மாறும் என்பவற்றை விளக்க வேதியியல் படித்த ஒருவர் கிடைத்தால் எந்த இதழும் மகிழும். செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்) நிறுவன நாள், அதையொட்டி ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்க அனுமதிப்பது வழக்கம். மாணவர்களோடு கூட்டத்தில் ஒருவராகப் போய், விளக்கம் சொல்லும் ஆய்வு மாணவர்களிடம் பெயரும் மின்னஞ்சலும் வாங்கி வாருங்கள். விஞ்ஞானியைவிட அவர்களுக்கு விளக்க நேரம் இருக்கும்.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் முறை ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுவது பெரிய ஆபத்து. எத்தனை மாதிரிகள், யார் பணம் கொடுத்தது, சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டைக் கடந்ததா அல்லது முன்வரைவு நிலையில் இருக்கிறதா, தங்கள் முடிவின் எல்லை என்று ஆய்வாளர்களே எதைச் சொல்கிறார்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு அந்த ஆய்வில் பங்கேற்காத இன்னொரு வல்லுநரிடம் கருத்துக் கேட்க வேண்டும். பெரிய ஆய்விதழ்கள் வெளியீட்டுக்கு முன்பே செய்தியாளர்களுக்குக் கட்டுரையை அனுப்பி, குறிப்பிட்ட நேரம் வரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை வைக்கும். அந்த நேரத்தை ஒருமுறை மீறினால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

கீழடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருப்பதால் உங்களிடம் அதைப் பற்றிக் கேட்பார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கைக்காக ஆறு கரித் துண்டு மாதிரிகள் அமெரிக்காவின் மியாமியிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்ற காலம் வந்தது. செய்தியில் இது ‘கீழடியின் வயது’ ஆகிவிட்டது. அந்த எண் அந்த ஆழத்தில் கிடைத்த அந்தக் கரித் துண்டுக்கு உரியது. அதற்கு மேலடுக்கில் இருக்கும் செங்கல் கட்டுமானத்துக்கும் அதே எண்ணைக் கொடுத்துவிட முடியாது. மேலும், கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் அளவீட்டு வளைகோடு பொ.ஆ.மு. 800 முதல் 400 வரை ஏறத்தாழத் தட்டையாக ஓடுவதால், அந்தக் காலகட்டத்து மாதிரிகளுக்கு ஆண்டைக் குறுகிய எல்லைக்குள் அடக்குவது உலகின் எந்தப் பகுதியிலும் கடினம். இதை எழுதினால் தமிழின் பெருமையைக் குறைக்கிறீர்கள் என்று சிலர் சொல்வார்கள். அகழாய்வின் மதிப்பு ஒரு எண்ணில் இல்லை என்பதை, 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போய், பானையோட்டில் கீறிய பெயர்களைப் பார்க்கிறவர் தாமே அறிந்துகொள்வார். நீங்கள் சரியாக எழுதினால் போதும்.

இனி பணம். தமிழ் இதழ்கள் தரும் சன்மானம், ஒரு கட்டுரைக்காக அலைந்த பேருந்துச் செலவையும் சாப்பாட்டையும் ஈடுகட்டினால் அதுவே நல்ல தொகை. இந்திய ஆங்கில இதழ்கள் பெரும்பாலும் சொல்லுக்கு இவ்வளவு என்று கொடுக்கின்றன. வெளிநாட்டு இதழ்கள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தாலும், அவற்றில் இடம்பிடிக்க ஆண்டுகள் ஆகும். கட்டுரை வெளிவந்த பிறகுதான் பணம் என்பது பொது வழக்கமாகிவிட்டதால், தை மாதம் செய்த வேலைக்கு ஆடியில் பணம் வருவதில் வியப்பில்லை. ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்டுரையை மட்டும் நம்பியிருப்பதில்லை. மொழிபெயர்ப்பு, பதிப்புத் திருத்தம், அருங்காட்சியக விளக்கப் பலகை, நிறுவனங்களின் ஆண்டறிக்கை, குழந்தைகளுக்கான அறிவியல் நூல், சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் சென்று விளக்குதல் என்று பக்கத்து வேலைகள்தான் அடுப்பை எரியவைக்கின்றன. அவற்றில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரு பாரம்பரிய விடுதிக்கு நீங்கள் காசு வாங்கிக்கொண்டு கையேடு எழுதிக் கொடுத்தால், அதே விடுதியைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும் உரிமையை இழந்துவிடுகிறீர்கள். இலவசமாகத் தங்கவைத்தார்கள் என்றால் அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒரே பயணத்தில் பல கட்டுரைகளுக்கான செய்தியைத் திரட்டுவதுதான் செலவைச் சமாளிக்கும் வழி. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்மக்களைப் பற்றி நாளிதழ்கள் ஆண்டுதோறும் எழுதிவிடுகின்றன. வெடிச்சத்தம் கூட்டிலிருக்கும் பறவையின் உடலில் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது, பறவை எச்சம் கண்மாய் நீரையும் அதைப் பாய்ச்சும் வயலையும் என்ன செய்கிறது, மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் எங்கே போகின்றன என்று நீங்கள் வேறு குறிப்பேட்டுப் பக்கங்களை நிரப்பிக்கொண்டு வரலாம். திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டிக் குடைவரையையும் பார்த்து எழுதிக்கொண்டால் அது மற்றொரு இதழுக்கு. செய்தியைப் பகிர்ந்துகொள்ளலாம், வாக்கியங்களை இரண்டு இடத்துக்கு விற்கக் கூடாது.

உரிமை பற்றி எழுத்தாளர்கள் அக்கறை காட்டுவதில்லை, அதனால் இழப்பது அதிகம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதிக் கொடுக்கும் கட்டுரைக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து வடிவில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எவ்வளவு காலத்துக்கு என்று அதில் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்’ என்ற வரி இருக்கும் ஒப்பந்தத்தைச் சிறு தொகைக்காகக் கையெழுத்திட வேண்டாம். முதல் வெளியீட்டு உரிமை மட்டும் தருகிறேன், தொகுப்பு நூலாகப் போடும் உரிமை என்னிடம் இருக்கட்டும் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பல ஆசிரியர்கள் உடனே ஒப்புக்கொள்கிறார்கள், ஏனெனில் அந்த வரியை அவர்களும் படித்ததில்லை.

வரி பற்றிச் சுருக்கமாக. 2025 ஏப்ரல் முதல், ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் உங்களுக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுக்கும். உங்கள் வரி குறைவாக இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். சேவைக்கான ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொண்டவர்களுக்கு, ஏற்றுக்கொண்ட வேலைக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். அதைச் சுட்டிக்காட்டி எழுதப்படும் ஒரு மரியாதையான நினைவூட்டல், பத்து தொலைபேசி அழைப்புகளைவிட விரைவாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன். பேருந்துச் சீட்டு, நூலகக் கட்டணம், இணையக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீதை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். காரைக்குடியில் ஆடிட்டருக்குப் பஞ்சமில்லை.

தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு நான் ஒன்றைச் சொல்ல மாட்டேன். ஆங்கிலம் பணம் தருகிறது. தமிழில் எழுதும்போது, நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரே படித்துவிட்டு மறுநாள் கூப்பிட்டு, தேதி தப்பு என்று சொல்கிறார். அந்தக் கண்காணிப்பு எழுத்தாளரை ஒழுங்காக வைத்திருக்கும். ஒரே செய்தியை இரண்டு மொழியிலும் எழுதலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றாகப் பெயர்க்காமல், இரண்டு வாசகரையும் தனித்தனியே மனத்தில் வைத்து எழுத வேண்டும். டொராண்டோவில் இருக்கும் வாசகருக்கு ஊருணி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். தேவகோட்டை வாசகருக்கு அதைச் சொன்னால் சிரிப்பார், அவருக்குச் சோடியம் அயனியைத்தான் விளக்க வேண்டும்.

வேலையை எப்போது விடலாம் என்றால், ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும், குறைந்தது மூன்று இடங்களிலிருந்து அவர்களே உங்களை அழைத்து வேலை கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கும்வரை பள்ளிச் சம்பளம் இருக்கட்டும். மாணவர்களுக்கு விளக்கிச் சொல்வதே அறிவியல் எழுத்துக்கு அன்றாடப் பயிற்சி. வகுப்பில் எந்த இடத்தில் முகங்கள் குழம்புகின்றனவோ, கட்டுரையிலும் வாசகர் அங்கேதான் கழன்றுகொள்வார்.

முதல் கட்டுரைக்கு என் பரிந்துரை கல்பாசி. உங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரரிடம் அது எந்த மண்டியிலிருந்து வருகிறது என்று கேட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போய், மலையில் அதைச் சேகரிப்பவர் வரை பேசி, லைக்கன்களை ஆராயும் ஒரு தாவரவியலாளரிடம் அது மறுபடியும் வளர எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன புதுச் செய்தி, இப்போது ஏன் எழுத வேண்டும், யாரிடம் பேசியிருக்கிறீர்கள், எத்தனை சொற்கள், படம் உண்டா, எப்போது தருவீர்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். செட்டிநாட்டின் பெருமையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அடுத்த வாரமும் பதில் இல்லை என்றால் வேறு இதழுக்கு அனுப்பப்போவதாக ஒரு வரி எழுதிவிட்டு அனுப்பிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர்களிடம் ஒரே கட்டுரையைக் கொடுத்துவைக்க வேண்டாம். தமிழ் இதழ் உலகம் சிறியது, இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பார்கள்.